கிண்ணத்துக்குள் போன பட்டியல்

கம்சலாவுக்கு வயது முப்பத்திரண்டு. பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்தில் அவள் எறிந்தால் வளையத்துக்குள் விழாத பந்து கிடையாது. அப்புறம் கல்யாணம், குழந்தை, தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை என்று வந்து பந்தைத் தொடாமலே பதினாலு வருஷம் போய்விட்டது. இப்போது நமுனுகுலத் தோட்டங்களுக்கு இடையில் பெண்களுக்குப் போட்டி வைக்கப்போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயரைக் கொடுத்துவிட்டாள். பயிற்சி தினமும் ஐந்து மணிக்கு. அங்கேதான் சிக்கல்.

மலையில் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு சேர நாலரை. அதற்கு மேல் கடைக்கு ஓடி நூறு கிராம் பருப்பு, ஒரு தேங்காய் என்று வாங்கி வந்து, அடுப்பு மூட்டி, சோறு கறி ஆக்கி நிமிர்ந்தால் இருட்டிவிடும். தினம் தினம் சில்லறையாய் வாங்குவதில் காசும் கரைந்தது, பொழுதும் கரைந்தது.

கம்சலா லேசுப்பட்டவள் இல்லை. பழைய கலண்டர் தாளைக் கிழித்து, அதன் முதுகில் ஒரு வாரத்துச் சமையலையும் எழுதிவிட்டாள். ஞாயிறு பதுளைச் சந்தையில் மொத்தமாக வாங்குவது. அன்றைக்கே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு ஒரு சட்டி நிறைய, நெத்தலிப் பொரியல் ஒரு டப்பா. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சோறு மட்டும் வடித்தால் போதும். வியாழன் பருப்பும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். வெள்ளி சைவம், சாம்பார். பதுளையில் இரும்புக்கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஜனகன் தாளைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு கூப்புடுற மாதிரியில்ல இருக்கு. கத்தரிக்கா வந்தாச்சா, நெத்தலி வந்தாச்சா."

"சிரிங்க சிரிங்க. மூணு நாளு புளிக்கொழம்பு திங்கிறப்ப தெரியும்."

திங்கட்கிழமை திட்டம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல நடந்தது. ஐந்து மணிக்கு மைதானத்தில் நின்றாள். பத்துக்கு ஏழு பந்து உள்ளே. அன்றைக்கு இரவு கை வலித்தது, அந்த வலிகூட அவளுக்கு இனிப்பாக இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் வாசலில் வந்து நின்றது ஒரு கிண்ணம்.

பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி அக்கா கொண்டு வந்த போஞ்சிக்காய்க் கறி. பாசமான மனுஷி. ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிண்ணம் போய் வந்துகொண்டிருக்கிறது. ஒட்டி ஒட்டி வரிசையாய் வீடுகள் நிற்கும் அந்த லயத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வந்த கிண்ணம் வெறுமனே திரும்பக் கூடாது. அதிலும் அன்றைக்கு ஆக்கியதைத்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை வழித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் ஊர் வாயில் விழ வேண்டியதுதான்.

பட்டியலில் கிண்ணத்தைச் சேர்க்க மறந்துவிட்டாளே கம்சலா. வேறென்ன செய்வது, கிழங்கை உரித்தாள், தாளித்தாள், கிண்ணத்தை நிறைத்தாள். மைதானத்துக்கு ஓடியபோது எல்லாரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அணித் தலைவி யசோதினி நேரே சொல்லிவிட்டாள்.

"கம்சலா, இன்னொரு நாளு இப்புடி ஆச்சுன்னா வேற ஆள போட்டுருவேன். அப்பறம் என்னைய கொற சொல்லக் கூடாது."

புதன்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கால் வைத்தாள். எதிரே பலாக்கொட்டைக் கறியோடு அதே கிண்ணம்.

"சூடா இருக்குடி. புள்ளைக்குக் குடு."

மைதானத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. கம்சலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கறியைச் சட்டிக்கு மாற்றினாள். வெறுங்கிண்ணத்தைக் கொடுக்கக் கை வரவில்லை. சுவரில் தொங்கிய பட்டியலைப் பிய்த்து, நாலாக மடித்துக் கிண்ணத்துக்குள் போட்டு, தட்டால் மூடி அக்கா கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

அன்றைக்குப் பந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மனசு முழுக்க அந்தக் கிண்ணத்தில் கிடந்தது. ஆறு வருஷத்து உறவைக் காகிதத்தைப் போட்டுக் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அக்காவின் கதவு சாத்தியிருந்தது. இவள் வாசற்படியில் தட்டு மூடிய கிண்ணம். திறந்தாள். கறி இல்லை, அதே தாள்தான்.

தாளில் பென்சிலால் வெட்டித் திருத்தியிருந்தது. 'செவ்வாய், வியாழன் ரெண்டு வீட்டுக்கும் நான் ஆக்குறேன். திங்கள், புதன், வெள்ளி நீ. ஞாயிறு சந்தைக்கு ஒண்ணா போவோம்.' அதற்குக் கீழே இன்னும் நெருக்கி எழுதியிருந்தது. 'ஒன் கிண்ணத்துக்குப் பதில் குடுக்கத்தான் ஆறு வருசமா நானும் புதுசா ஒரு கறி வச்சேன். புளிக்கொழம்பு பழசானாத்தான் ருசி. அனுப்பு.'

கம்சலா படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். மெத்தப் படித்த ஊர்தான் போங்கள், ஆளுக்கு ஆள் பயந்துகொண்டு ஆறு வருஷம் அடுப்பு ஊதியிருக்கிறார்கள். கூரையை எட்டாத இடைச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சிரிச்சது போதும், கொழம்பக் கொண்டா. சோறு ஆறுது."

அன்றைக்குத்தான் அந்தக் கிண்ணத்தில் மூன்று நாள் குழம்பு முதல்முதலாகப் போனது.

வெள்ளிக்கிழமை சாம்பாருக்குக் காலையிலேயே பருப்பை அவித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள் கம்சலா. ஐந்து மணிக்கு மைதானத்தில் பந்தை எடுத்தாள். முதல் பந்து உள்ளே. இரண்டாவதும் உள்ளே. மூன்றாவதை எறிய நிமிர்ந்தபோது, வளையத்துக்கு முன்னால் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நெடுநெடுவென்று வந்து நின்றாள் விஜயலெட்சுமி அக்கா.

"என்னக்கா, இங்க?"

"வாரத்துல மூணு நாளு எனக்கும் சமையல் இல்லையே. வீட்டுல ஒக்காந்து என்ன செய்ய?" என்றாள் அக்கா, இரண்டு கையையும் உயரத் தூக்கி. "எறி பாப்போம். இன்னைக்கு ஒன் பந்து ஒண்ணும் உள்ள போகாது."

யசோதினி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அணியின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அடியில் இன்னொரு பெயரை எழுதினாள்.