இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நடுவில்

1

இந்தக் கதை எனக்கு உதித்தது அல்ல. சிலருக்குக் கதைகள் உதிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது என் மேசைக்கு மின்னஞ்சலில் வந்தது, அதுவும் பாதி ஒருத்தியிடமிருந்து, மீதி இன்னொருத்தியிடமிருந்து. ஒருத்தி வார்த்தைகளை அனுப்பினாள், மற்றவள் படங்களை அனுப்பினாள். நடுவில் கூரியர் வேலை பார்த்தது நான்.

நான் என்று எழுதியதும் கை கூசுகிறது. குழந்தைகள் புத்தகம் போடுகிற இடத்தில் சம்பளம் வாங்குகிறவன் தன்னையே கதையில் வைத்தால், முடிவதற்குள் நல்லவன் ஆகிவிடுவான். அதனால் அங்கே புத்தகங்களைச் செம்மை செய்கிற 'ஆசிரியர்' என்று ஒருவரை வைத்துக்கொள்கிறேன். அவர் நான் இல்லை. என்னைவிடக் கொஞ்சம் உயரம்.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது. ஆசிரியர் சன்னலோரம் நின்று—

(வேண்டாம். அவர் உட்காரும் இடத்தில் சன்னல் கிடையாது. ஒரு மின்விசிறி உண்டு, அது முதலாளி பக்கம் திரும்பியிருக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இது இருக்கட்டும். கெட்டிக்கார எழுத்தாளராக இருந்தால் இவர்கள் அக்கா தங்கை என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் தூக்கிவாரிப்போட வைப்பார். என் வாயில் எதுவும் தங்காது.

2

பதிப்பகத்தில் ஒரு புத்தக வரிசை உண்டு. அட்டையில் 'குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும்' என்று போட்டிருக்கும். அப்பாவுக்கு வேலை போவது, வீட்டுக்குப் புதுப் பாப்பா வருவது, தாத்தாவுக்குப் பேரன் பெயர் மறந்துபோவது எல்லாம் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் விலங்குகள்தான். மனிதர்களை வைத்துப் போட்டால் ஆட்கள் கடையிலேயே அழுதுவிட்டு வைத்துவிடுகிறார்கள், யானையை வைத்துப் போட்டால் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அழுகிறார்கள் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு.*

அக்கா அனுப்பியது ஒட்டகச்சிவிங்கிகளின் கதை. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. இளையவள் அம்மாவுடன் இருக்கிறாள். மூத்தவள் தூரத்துக் காட்டில் இருக்கிறாள். ஒருநாள் அம்மா இல்லாமல் போகிறாள். அதன்பிறகு அந்த இரண்டு மகள்களும் என்ன ஆனார்கள் என்பது கடைசிப் பக்கத்தில் வரவேண்டும். அதை மட்டும் பிறகு தருவதாக எழுதியிருந்தாள்.

முதலாளி படம் வரைய ஆள் பிடித்தார். பெயரைக் கேட்டதும் அக்கா போனில் அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு, "நல்லா வரைவாங்க. போடுங்க சார்" என்றாள்.

* முதலாளி இன்னொரு விதியும் வைத்திருந்தார். எழுதுகிறவரும் வரைகிறவரும் நேரில் பேசக் கூடாது, எல்லாம் ஆசிரியர் வழியாகத்தான். "பேச விட்டா ரெண்டு பேரும் ஒட்டிக்குவாங்க, புத்தகம் நின்னுடும்" என்பார்.

3

அக்காவின் வரி: 'மூத்தவள் தினமும் அம்மாவை நினைத்துக்கொண்டாள்.'

அதற்கு வந்த படத்தில் இளையவள் வாளியும் துணியுமாக அம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். மூத்தவள் வலது ஓரத்தில், மலைக்கு அப்பால், கடுகளவுக்கு இருந்தாள். வாயில் இலை வேறு. ஆசிரியர் தங்கைக்குப் போன் போட்டார்.

"மேடம், மூத்தவ ரொம்பச் சின்னதா இருக்கே?"

"தூரத்துல இருக்கறவங்க சின்னதாத்தான் சார் தெரிவாங்க."

வரைகிற முறைப்படி அது சரிதான். ஆசிரியர் படத்தை அக்காவுக்கு அனுப்பினார். அக்கா பார்த்தாள். "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரே ஒரு வரி சேக்கணும், எழுதிக்குங்க" என்றாள்.

சேர்ந்த வரி: 'இளையவள் அம்மாவின் பக்கத்தில் யாரையும் விடவில்லை.'

ஆசிரியர் அதைத் தங்கைக்கு அனுப்பினார். திரும்பி வந்த படத்தில், புல்வெளியின் நட்டநடுவில் ஒரு கதவு நின்றது. அகலத் திறந்த கதவு.

"மேடம், காட்டுக்குள்ள கதவு எதுக்கு?"

"தொறந்திருக்குன்னு காட்டறதுக்கு."

"சுத்தி சுவரே இல்லையே."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

நம்ம ஆசிரியருக்கு அப்போதுதான் மண்டையில் ஏதோ உறைத்தது. (இவரை இந்தக் கதைக்கு வைத்தது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு முன்பே வந்துவிட்டது.)

"அவங்களை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க அக்கா சார்."

அவர் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். முதலாளியிடம் சொன்னால் இரண்டு பேரையும் மாற்றிவிடுவார். சொல்லவில்லை. நல்ல புத்தகம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அடுத்த படத்தில் என்ன வரும் என்று பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

4

நடந்தது இதுதான். அங்கே பாதி இங்கே பாதியாக ஆசிரியர் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். தங்கை கூடவே இருந்து எல்லாம் செய்தாள். அக்காவுக்கு வேறு ஊரில் வேலை. சாயங்காலமானால் தவறாமல் போன் செய்வாள். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் தங்கை, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். அக்கா, "அம்மாவுக்கு இவ்ளோ முடியலன்னு நீ சொல்லியிருந்தாத்தானே தெரியும்" என்றாள். அதோடு நின்றதுதான் பேச்சு.

இவ்வளவு சின்னக் காரணம் ஒரு கதையைத் தாங்குமா என்று பயந்து, ஒரு சொத்துத் தகராறைச் சேர்த்துப் பார்த்தேன். [எழுதி அடித்தது: அந்த வீட்டின் மேல் இருவருக்கும்—] ஒட்டவில்லை. தங்கை பக்கம் நியாயம் இருக்கிறது. அக்கா பக்கமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் யார் முதலில் இறங்கிவருவது?

5

பக்கங்களை எல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது ஆசிரியருக்கு ஒரு தொழில் சிக்கல் கண்ணில் பட்டது. அம்மா ஒட்டகச்சிவிங்கி படுத்திருக்கிற எல்லாப் படங்களிலும் அதன் கழுத்து இடது பக்கத்தில் தொடங்கி, நடு மடிப்பைத் தாண்டி, வலது பக்கத்துக்குப் போயிருந்தது. இளையவள் எப்போதும் அதன் முதுகுப் பக்கம் இருந்தாள்.

"மேடம், புத்தகத் தையல் சரியா கழுத்துல விழுது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பிடலாமா?"

"முடியாது சார்."

"ஒரு சின்ன மாத்தம்தான்..."

"அம்மா அப்படித்தான் படுத்திருப்பாங்க. போன் அந்தப் பக்கம் இருந்துச்சு." அவளே தொடர்ந்தாள்: "மத்தியானத்துலேருந்தே அந்தப் பக்கம் திரும்பிப்பாங்க. எனக்கு முதுகுதான் சார்."

கூரியருக்கு உறையைப் பிரிக்கிற உரிமை கிடையாது. ஆசிரியர் அக்காவைக் கூப்பிட்டு, கழுத்தை மாற்ற முடியாதாம் என்று சொல்லி, அவள் ஏன் என்று கேட்டதும் தங்கை சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

[அடித்தது: அவள் கண்களில் நீர்—] போனில் கண் தெரியாது. கேட்டது இதுதான்:

"நாலு வார்த்தைதான் சார் பேசுவேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. அதுக்கா? அதுக்கா மத்தியானத்துலேருந்து?"

ஆசிரியர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அவகிட்ட..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"சொல்லுங்க, என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. கழுத்து அப்படியே இருக்கட்டும்."

6

அந்த வாரமே இரண்டு மின்னஞ்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அக்கா எழுதியிருந்தாள்: 'கடைசிப் பக்கத்துக்கு வார்த்தை தரப்போவதில்லை. அவள் என்ன வரைகிறாளோ அதுவே இருக்கட்டும்.'

தங்கை எழுதியிருந்தாள்: 'கடைசிப் பக்கத்துக்கு நான் வரையவில்லை. அக்கா என்ன எழுதுகிறாளோ அது மட்டும் இருந்தால் போதும்.'

ஒருத்தி எழுதியது மற்றவளுக்குத் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்ததில் ஆசிரியரிடம் ஒரு வெள்ளைப் பக்கம் மிஞ்சியது. அச்சகம் காத்துக்கொண்டிருந்தது. "வெறும் தாளை வச்சுக் கதையை முடிப்பியா நீ?" என்றார் முதலாளி.

முடிவு அ: ஆசிரியர் தானே ஒரு வரி எழுதுகிறார். 'அன்றுமுதல் இருவரும் ஒரே மரத்தில் இலை தின்றார்கள்.' எழுதியதும் அவருக்கே காது சிவக்கிறது. அழிக்கிறார்.

முடிவு ஆ: அவள் அஞ்சலை இவளுக்கும் இவள் அஞ்சலை அவளுக்கும் அனுப்பிவிடுகிறார். இருவருக்கும் மனசு இளகி, சரி நானே செய்கிறேன் என்று— இல்லை. எனக்கு இவர்களைத் தெரியும். 'இல்லை, அவளே செய்யட்டும்' என்று இரண்டு பக்கமிருந்தும் பதில் வரும். அதையும் அவர்தான் சுமக்க வேண்டும்.

முடிவு இ:

7

முதலாளி வெளியூர் போன நாளாகப் பார்த்து, ஆசிரியர் இருவரையும் ஒரே நேரத்துக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். ஒருத்தி வருவதை மற்றவளிடம் சொல்லவில்லை. மேசைமேல் அந்த வெள்ளைப் பக்கத்தை வைத்தார். ஒரு பென்சிலும் வைத்தார். முடிந்திருந்த முந்தைய பக்கங்களைப் பக்கத்தில் அடுக்கினார்.

அக்கா முதலில் வந்து உட்கார்ந்தாள். தங்கை பையும் கையுமாக உள்ளே நுழைந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். யாரும் யாரையும் வா என்று சொல்லவில்லை. தங்கை வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் ஆசிரியரையே பார்த்தார்கள். அவர் சங்கடம் தாங்காமல், "டீ சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்து, பக்கத்தில் புத்தகக்கட்டுகள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சரி, சாத்திக்கொண்டேன்.

இந்த அறையிலிருந்து டீக்கடைக்கு வழி கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் அவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்துதான் போக வேண்டும். அதனால் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, கட்டுக்குச் சுற்றியிருந்த பழுப்புத் தாளைக் கிழித்து, இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். டீ சொல்லப் போனவன் எங்கே தொலைந்தான் என்று இதுவரை ஒருத்தியும் கேட்கவில்லை. பேச்சுச் சத்தமும் இல்லை. நடுவில் ஒருமுறை தாள் புரள்கிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

இப்போது ஒரு நாற்காலி நகர்கிறது. ஒருத்தி எழுந்துவிட்டாள். அடுத்தவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாளா, வாசலுக்குப் போவதற்காகத் தள்ளுகிறாளா, இங்கிருந்து சொல்ல முடியாது. கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் திறந்தால் இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். "அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.

அதனால் நான் திறக்கப்போவதில்லை. நீங்களும் கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருங்கள்.