ஏழாம் நம்பர் அட்டை

மனிதகுலம் பேசக் கற்ற வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம் என்பார் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் பிரின்சிபல்: அவருடைய படமுறைக்கு முன், படமுறைக்குப் பின். அந்த வரலாறு ஒரு சைக்கிள் கடையின் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நடந்தது. பிரின்சிபலும் அவரே, கூட்டிப் பெருக்குகிறவரும் அவரே.

படமுறை என்பது முப்பத்திரண்டு அட்டைகள். பழைய காலண்டர்ப் படங்களை வெட்டிச் செருப்புப் பெட்டி அட்டையில் ஒட்டியவை. ஒருவர் அட்டையைப் பார்த்து ஆங்கிலத்தில் வர்ணிக்க வேண்டும். எதிரே இருப்பவர் அதைக் கேட்டுச் சிலேட்டில் வரைய வேண்டும். பிறகு இருவரும் ஐந்து வரி எழுத வேண்டும். ஜெயித்த ஜோடிக்கு மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள பெஞ்சு. அறையில் காற்று வந்த இடம் அது ஒன்றுதான். ஆகவே எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஆர்வம் பிறந்தது.

நானும் அக்காவும் ஒரு ஜோடி. ஒரு தையல்காரரும் ஒரு பஸ் கண்டக்டரும் இன்னொன்று. கண்டக்டர் எந்தப் படத்தையும் ஸ்டாப் பேர் கத்துவதுபோலத்தான் வர்ணிப்பார். கீழேயிருந்து பஞ்சர் ஒட்டும் வாசனை ஏறி வரும். இன்றைக்கும் அந்த வாசனை பட்டால் என் வாயில் தானாக ஆங்கிலம் ஊறுகிறது.

இரண்டே மாதத்தில் அட்டைகளின் முதுகு எங்களுக்கு மனப்பாடம். டீக்கறை என்றால் ஏழு. எலி கடித்தது பன்னிரண்டு. ஏழாம் அட்டையைத் திருப்பும் முன்பே, பிரின்சிபல் முதல் நாள் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் அக்கா பொழியத் தொடங்குவாள்: ஏரிக்கரை, குடை பிடித்த கிழவர், பக்கத்தில் வெள்ளை நாய், தண்ணீரில் இரண்டு வாத்து.

"படத்தைப் பார்க்காமலே பேசுது பாருங்க!" பிரின்சிபல் கைதட்டினார். "இதுதான் மனக்கண்!"

"அப்ப நிஜக் கண்ணு தண்டம்ங்கிறீங்க," என்றார் தையல்காரர்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது. கிடைக்காவிட்டால் பெரியப்பாவின் சிமெண்ட் கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அங்கே பெரியப்பா பேசுவார், கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. முந்தைய ஆள் ஆறே வாரத்தில் சொல்லாமல் ஓடிப்போனவர். அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நேர்காணலில் அதிகாரி, தன் பின்னால் சுவரில் மாட்டியிருந்த படத்தை ஆங்கிலத்தில் வர்ணிக்கச் சொன்னார். பதற்றத்தில் அக்கா கண்ணை மூடினாள். உள்ளே தெரிந்தது டீக்கறை.

அவள் பேசப் பேச, அதிகாரி மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே இருந்தது இதயத்தின் குறுக்குவெட்டுப் படம்.

"நடுவுல நிறுத்தியிருக்கலாம்லக்கா?"

"எங்கடா நிறுத்துறது? வாய் பாட்டுக்கு ஓடுது. வாத்து வந்தப்புறம்தான் நின்னுச்சு."

வேலை கிடைத்தது. வரவேற்பில் அல்ல, டெலிபோனில். "பேச்சு நல்லாருக்கும்மா. பார்க்கிற வேலை மட்டும் உனக்கு வேணாம்," என்றாராம் அதிகாரி. மறுநாளே பிரின்சிபல் வாசலில் பலகை மாட்டினார்: நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு. அதுவரை நேர்காணலுக்குப் போனவள் அக்கா ஒருத்திதான்.

இருபத்தெட்டு வருஷம் அந்த டெலிபோனில் ஆசைதீரப் பேசிவிட்டு, போன மாதம் அக்கா ஓய்வுபெற்றாள். மாடியறையைக் காலி செய்தபோது பிரின்சிபல் என்னிடம் கொடுத்த ஏழாம் நம்பர் அட்டைக்குச் சட்டம் போட்டு அவளுக்குப் பரிசளித்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல்முறையாக அதை நிதானமாகப் பார்த்தாள்.

"டேய், இங்க வா."

ஏரி இருந்தது. கிழவர், குடை, வாத்துகள், எல்லாம் இருந்தன. நாய் இல்லை. அது ஆடு. நான் நாற்பது தடவையாவது அதை நாய் என்று எழுதிக் காற்று வாங்கியிருக்கிறேன்.