ரிப்போர்ட்டின் கடைசி வரி

ரத்தம் எடுப்பதற்கு முன் சிறுமியின் முடியை ஒதுக்கிவிட்டபோதுதான் லேப் டெக்னீஷியன் அதைப் பார்த்தாள். காதுமடலுக்குப் பின்னால் ஓர் உண்ணி. ரத்தம் குடித்துக் குடித்து, சாம்பல் நிறத்தில், பட்டாணி அளவுக்கு உப்பியிருந்தது. பதினோரு வருடமாகச் சளியும் சீழும் மலமும் பார்த்துப் பழகியவளுக்கே குமட்டியது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல இழுத்தாள். முழுசாக வந்தது. வந்த பிறகும் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஆறு வயதுப் பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லை. மூன்று நாளாகக் காய்ச்சல். அம்மாவுக்கும் அப்படியே. அம்மா நாய்ப்பண்ணையில் கூண்டு கழுவுகிறவள். இருவரையும் காரில் அழைத்து வந்தவர் பண்ணையின் முதலாளி.

"உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட், ரெண்டு பேருக்கும். ரிப்போர்ட் சீக்கிரம் வேணும். குட்டி வாங்க வர்றவங்க கேள்வி கேக்கறாங்க," என்றார். பிள்ளையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் முடிவு வந்தது. இரண்டுமே நெகட்டிவ். அவளுக்கு அதில் ஆச்சரியமில்லை. அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. பெரியவர்களோ குழந்தைகளோ, அது ரத்தத்தில் தலைகாட்ட ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் ரிப்போர்ட்டின் அடியில் அவள் எப்போதும் ஒரு வரி சேர்ப்பாள்: 'முதல் வாரத்தில் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. உடனே மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பரிசோதியுங்கள்.'

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். "அந்தக் கடைசி வரியை எடுத்துட்டுக் குடுத்துட்டேன்மா. பண்ணைக்காரர் சங்கடப்படறாரு. நெகட்டிவ்னா நெகட்டிவ்தானே?"

"கீழ என் கையெழுத்து இருக்கே சார்?"

"அது அப்படியேதான் இருக்கு, கவலைப்படாதே." பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். குத்திய குச்சியை மேசைமேல் இருந்த ரிப்போர்ட் கட்டின் மேலேயே வைத்தார்.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தது முதலாளி. "ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பண்ணைக்கே போனாள். வாசல் கேட்டில், பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள், சிறுமியின் ரிப்போர்ட் தொங்கியது. மேலே கொட்டை எழுத்தில்: 'எங்கள் பண்ணையில் உண்ணி இல்லை.' கீழே அவள் கையெழுத்து. ஒரு பிள்ளையின் ரத்தத்தை எடுத்து விளம்பரம் செய்திருக்கிறான்! உறையோடு பிய்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

கூண்டுகளுக்குப் பின்னால் ஓர் அறை. நாய் மூத்திர நாற்றம் கண்ணைக் கரித்தது. சுவர் விரிசலில் உண்ணிகள் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தன. அதற்கு ஒரு முழம் தள்ளி, கிழிந்த மெத்தையில் பிள்ளை கிடந்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள்.

"ஒண்ணும் இல்லைன்னு முதலாளி சொன்னாரேக்கா," என்றாள் அம்மா, துடைப்பத்தைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு.

"நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. பிள்ளையைத் தூக்கு, போகலாம்."

கேட்டருகே முதலாளி மறித்தார். "யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போறீங்க? ரிப்போர்ட்ல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. "ஆமா. அதனாலதான் வந்திருக்கேன். வழியை விடுங்க."

பெரிய மருத்துவமனையில் டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "டெஸ்ட்டுக்காகக் காத்திருந்தா இது தாங்காது," என்று இருவருக்கும் அப்போதே மருந்து தொடங்கினார். அம்மா நான்கே நாளில் எழுந்துவிட்டாள். பிள்ளை பத்து நாள் வார்டில் கிடந்தது. இடையில் இரண்டு நாள் மூச்சுக்கே திண்டாடியது. இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் இருவருக்குமே பாசிட்டிவ்.

சுகாதார அதிகாரிகள் வந்து மருந்தடித்துப் பண்ணையைப் பூட்டினார்கள். முதலாளியோ, நோயைக் கொண்டுவந்ததே கூண்டு கழுவுகிறவள்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சிறுமியின் அம்மா ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளை பிழைத்தது, இடது காது மட்டும் மந்தமாகிவிட்டது.

டெக்னீஷியன் ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது மேனேஜருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சேம்மா. இதுக்குப் போய் யாராவது வேலையை விடுவாங்களா?"

"முடியல சார். உள்ள வந்தாலே வாந்தி வருது."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.