ஷிப்டுக்குப் போனவர்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பவ்யா டீச்சர் கதவு நிலையில் சாக்பீஸால் எண் எழுதி முடிப்பதற்குள் சகுந்தலா ஸ்டூலைத் துடைத்து வெளியே போட்டுவிட்டாள். மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீடுகளில் பூட்டுத் தொங்காத கதவுகள் இரண்டுதான். ஒன்று இவளுடையது, அடுத்தது ஆஸ்டினுடையது.

"சீக்கிரம் எண்ணிக்கோ டீச்சரு. நாளிக்கு வந்தா நானும் இருப்பனோ இன்னாவோ" என்றார் ஆஸ்டின், தன் வாசலில் பேப்பரை விரித்தபடி.

பவ்யா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கம் வேலை. இங்கே ஒரு பகுதி; பங்காருபேட்டைக்கு வெளியே, கிராமத்தை ஒட்டிய புது லேஅவுட் ஒன்று. அங்கே கேழ்வரகு விளைந்த நிலத்தில் மாடி மேல் மாடி நிற்கிறதாம், ஒரு தெரு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறதாம். இங்கே பூட்டைப் பார்த்து 'காலி' என்று போனில் அழுத்திக்கொண்டே போனால் மதியத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். "டவுன் இளைக்குது, சுத்துப்பட்டு ஊதுது ஆன்ட்டி. சரி, வீட்ல எத்தன பேரு?"

"மூணு பேரு. நானு, எம்புள்ள விநாயக்கு, மருமவ லதா."

பவ்யாவின் விரல் நின்றது. கதவு வழியாக உள்ளே பார்த்தாள். கொடியில் ஒரே ஒரு புடவை.

"அவங்க வீட்ல இல்லையா?"

'இல்ல' என்ற அந்தச் சொல் சகுந்தலாவுக்கு வராது. அவள் புருஷன் சுரங்கத்துக்குள் இருந்த காலத்தில், யார் வந்து கேட்டாலும் அந்த லைனில் எந்தப் பெண்ணும் 'இல்ல' என்று சொன்னதில்லை. ஷிப்டுல கீறாரு, வந்துடுவாரு. அவ்வளவுதான். ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜ் மேலே வந்து, ஆள் வாசலுக்கு வரும்வரை வெளிவிளக்கு எரியும், பகல் ஷிப்டானாலும் எரியும். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் நாக்கு பழகிய வழியிலேயே நின்றுவிட்டது.

"ரயிலுக்குப் போய்க்கிறான்" என்றாள். பொய்யில்லை. பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் போகிறவன்தான். ஆனால் வைகாசியில் புது வீட்டில் பால் காய்ச்சியதிலிருந்து அவன் ஏறுவது பங்காருபேட்டையில். ஒவ்வொரு ஞாயிறும் வாம்மா என்று கூப்பிடுகிறான். தோ வரேன்டா என்று இவளும் சொல்கிறாள்.

பவ்யா குரலைத் தணித்தாள். "ஆன்ட்டி, விநாயக் அண்ணன் வீட்ட நேத்து நான்தான் எழுதுனேன். அங்கயும் மூணு பேருன்னாரு. பின் ரூம் உங்க ரூம்னாரு."

பால் காய்ச்சிய அன்று அந்த அறையில் சிமெண்ட் மூட்டைதான் கிடந்தது.

"நான் எங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். அம்மா கடைக்குப் போய்க்கிறாங்க, வந்துடுவாங்கன்னாரு."

சகுந்தலாவுக்குச் சிரிப்பு வந்தது. லைனில் பிறந்தவன், வேறெப்படிச் சொல்வான். சிரிப்பு அடங்கியபோது முந்தானையால் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

"ஒருத்தர ரெண்டு எடத்துல போட முடியாது ஆன்ட்டி. உங்கள அங்கயே வெச்சுட்டா இந்த வீட்டயும் காலின்னு அழுத்தணும். நீங்கதான் சொல்லணும்."

ஆஸ்டின் பேப்பரை மடித்துவிட்டார். சகுந்தலா அவர் பக்கம் பார்க்கவில்லை. பின் அறை கண்ணில் நின்றது. மூட்டைகளை இந்நேரம் எடுத்திருப்பான். ஜன்னல் கூட வைத்திருப்பான்.

"ஷிப்டுல கீறான்னு எதுனா வருமா உன் போன்ல?"

"வராது ஆன்ட்டி."

"அப்ப ஒண்ணு போடு. நான் இங்கதான் கீறேன். அங்க என் பேர எடுத்துடு. அவங்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"அண்ணன், அண்ணி பேரு இங்க வேணாம்ல?"

சகுந்தலா எழுந்து உள்ளே போனாள். பவ்யா சற்றுக் காத்திருந்துவிட்டு, அழுத்த வேண்டியதை அழுத்திவிட்டுக் கிளம்பினாள். பூட்டுகளைத் தாண்டி லைன் முனைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, உச்சி வெயிலில் அந்த ஒரு வாசலுக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.