ஏழாவது சுவிட்ச்

பேட்டரி மாட்டப் போகும் எல்லா வீட்டிலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கரண்ட் போனா எது எது ஓடணும்?"

பெரும்பாலும் புருஷன் சொல்வான், பெண்டாட்டி திருத்துவாள், நான் எழுதிக்கொள்வேன். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"ஏசி."

"அடுப்பு."

மொட்டைமாடியில் சோலார் பலகைகள் ஏறிவிட்டன. மாடிப்படிக்குக் கீழே பேட்டரியும் சுவிட்ச் பெட்டியும். கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரண்ட் அடுப்பு வாங்கியிருந்தார்கள். அந்த வீட்டு அக்கா அதில்தான் தினமும் பன்னிரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்புகிறார். அவர் புருஷன், அந்த அண்ணனுக்கு, ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், பகலில் தூக்கம். அந்தத் தெருவில் கரண்ட் பதினோரு மணிக்குப் போனால் ஒன்றரைக்குத்தான் வரும்.

"பகல்ல குறட்டை விடுற தூங்குமூஞ்சிக்கு ஏசி. நான் பச்சை அரிசியை டப்பாவுல போட்டு அனுப்பட்டுமா?"

"அனுப்பு. நீ வேகவச்சாலும் அப்படித்தான் இருக்கு."

அக்கா கரண்டியை ஓங்கினார். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். நான் நடுவில் டெஸ்டரோடு நின்றேன்.

என் மனைவி இறந்து பதினான்கு மாதம். அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. சாப்பிடுவதுகூட மணியைப் பார்த்துத்தான். அன்று முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது. வயிற்றெரிச்சல். இவர்களுக்குச் சண்டை போட ஆள் இருக்கிறது.

பெட்டியில் ஏழு சுவிட்ச். ஃப்ரிட்ஜ், மோட்டார், ஹால் ஃபேன், விளக்குகள், இன்டர்நெட் என்று ஐந்து போக இரண்டு மீதி. அடுப்பு, ஏசி இரண்டையும் பேட்டரி தாங்கும்.

"ஆறுதான் முடியும்," என்றேன். "ரெண்டுல ஒண்ணு. பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

ஏன் பொய் சொன்னேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவர் முகமாவது தொங்கிப்போவதைப் பார்க்க வேண்டும்.

சற்று நேரத்தில் அண்ணன் டீயோடு வந்தார். "தம்பி, அடுப்பையே போட்ருங்க. அவகிட்ட சொல்லிராதீங்க. ஏசில எனக்குச் சளி பிடிக்குதுன்னு நான் ஏதாவது அளந்துவிட்டுக்கிறேன்."

பத்து நிமிடம் கழித்து அக்கா டீ கிளாஸை வாங்க வந்தார். வாங்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஏசியைப் போட்ருங்க தம்பி. கொஞ்சம் முன்னாடி எந்திரிச்சா நான் பத்தரைக்குள்ள சமைச்சு முடிச்சிருவேன். அந்த மனுஷன்கிட்ட மூச்சு விட்றாதீங்க, தலைமேல ஏறி உக்காந்துக்குவாரு."

இரண்டு முகமும் தொங்கவில்லை. எரிச்சல் கூடியது.

என் வீட்டில் இந்தப் பெட்டி கிடையாது. "ஊர் வீட்டுக்கெல்லாம் பேட்டரி மாட்டுற, நம்ம வீட்டுல மட்டும் கைவிசிறி," என்பாள் என் மனைவி. அடுத்த மாசம் என்பேன். அவளுக்காக நான் எதையும் விட்டுக்கொடுத்ததாக நினைவில்லை.

ஸ்க்ரூடிரைவரோடு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதைப் போட்டாலும் ஒருவர் ஜெயித்துவிடுவார். விட்டுக்கொடுத்தவர். அந்தச் சுகத்தை இவர்களில் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டையும் போட்டேன்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. தெரு அடங்கியது. சமையலறையில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் மாடிப்படிக்கு ஓடி வந்தார்கள்.

"ஏங்க, ஏசி ஓடுது!"

"உன் அடுப்பும்தான் ஓடுது."

"ஆறுன்னீங்களே தம்பி?"

"எண்ணுனதுல தப்பு."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். "நீ தம்பிகிட்ட ஏதாவது சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க சொன்னீங்களா?"

"நானா? எனக்கு வேற வேலை இல்ல."

இரண்டும் பொய். இருவருக்கும் தெரிந்துவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் என் வேலை. ஐந்து எழுதி ஒட்டியாயிற்று. ஆறாவதற்கு 'அடுப்பு' என்று எழுதப் போனேன்.

"ஏழாவதுக்குத் தூங்குமூஞ்சின்னு எழுதுங்க தம்பி."

"அப்ப ஆறாவதுக்கு ராட்சசின்னு போடுங்க."

"அதெல்லாம் நான் எழுத மாட்டேன்," என்றேன். கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்கா என் கையிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்துக்கொண்டு இரண்டையும் தானே எழுதினார். அண்ணன் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுத்துப்பிழை சொன்னார்.

பேனாவைத் திருப்பிக் கேட்காமல் கிளம்பினேன்.