இறக்கத்தில் என் எடை

...இல்லை, விழுந்துவிடுவேன் என்ற பயமெல்லாம் இல்லை, இந்த வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான், ராத்திரி முழுக்க கரென்ட் இல்லை, சார்ஜரில் மாட்டிய ஸ்கூட்டர் மாட்டியபடியே பட்டினி கிடந்திருக்கிறது, விடிந்து பார்த்தால் பாட்டரியில் ஒன்பது பர்சென்ட், அதை நம்பி மாரிகுப்பத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தி நான், எண்பது கிலோ. மார்க்கெட்டில் காய்கறி வாங்கவேண்டும் என்று சொல்லித்தான் பின்னால் ஏறினேன். விடிகிற நேரத்தில் கத்தரிக்காய்க்கு யார் இப்படி ஓடுகிறார்கள்? மருமகள் கரோலின் வண்டியைக் கிளப்பினாள். ஓசூர் பக்கம் பாட்டரி செய்கிற கம்பெனியில் அவளுக்கு இன்றைக்கு இன்டர்வியூ, எடுத்துக்கொண்டால் அங்கேயே ஹாஸ்டல், கூட்டிப்போக வருகிற வேன் யாருக்காகவும் நிற்காதாம். அவள் ஏறிப் போவதை நான் கண்ணால் பார்க்கவேண்டும், பார்க்கவும் கூடாது, இரண்டும்தான். வேன் போய்விட்டால் இன்டர்வியூ இல்லை, இன்டர்வியூ இல்லையென்றால்... அவள் என்னோடு இருப்பாள். சீ, என்ன நினைப்பு இது ஐடா, உனக்கு வெட்கமே கிடையாதா?

மேடு வந்துவிட்டது, மோட்டார் முனகுகிறது, அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் ஒன்பது எட்டாகி, ஏழாகி, ஆறு. "இன்னாமா இது, இப்படி இறங்குது?" என்றேன். "ஆடாம உக்காருங்க அத்தை. அது எங்கயும் போகல. நம்ம ரெண்டு பேரையும் இவ்ளோ மேல தூக்கினு வந்துச்சில்ல, இப்ப நம்மகிட்ட உயரமா கீது. இறக்கத்துல திருப்பி வாங்கிக்கலாம்." உயரமாக இருக்கிறதாம்! உயரத்தில் போய் யாராவது எதையாவது சேர்த்துவைப்பார்களா? ஆனால் தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டைத் தாண்டி ரோடு சரிந்ததும் அவள் கையைத் தளர்த்தினாள், லேசாக பிரேக்கைத் தொட்டாள், வண்டியின் சத்தமே மாறிவிட்டது, இதுவரை சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த மோட்டாரை இப்போது சக்கரம் சுழற்றுகிறது, அது டைனமோ ஆகிவிட்டது, ஆறு என்றிருந்தது கண்ணெதிரே ஏழு! "உங்க வெயிட்டுதான் அத்தை! நான் மட்டும் வந்திருந்தா இவ்ளோ ஏறாது!" என்று கத்தினாள். சர்ச்சில் பெஞ்சு முனகினால் சிரிப்பார்கள், டாக்டர் திட்டுவார், என் மகன் டென்சில்கூட ரோடு ரோலர் என்று கேலி செய்வான், இத்தனை வருஷத்தில் என் எடைக்கு ஒருத்தி நன்றி சொன்னது இன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா சுரங்கத்து ஷாஃப்டில் வேலை பார்த்தார், ஆட்களை ஏற்றியிறக்குகிற கூண்டுகளில் ஒரு கேஜ் இறங்குகிற பாரம்தான் இன்னொரு கேஜை மேலே தூக்க ஒத்தாசை என்பார், எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இந்தப் பெண்ணின் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது புரிகிறது.

என்ன பெண் இவள்... டென்சில் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவன் பைக் ஓட்டினால் பிரேக்கில் தீய்ந்த வாடை வரும், அத்தனை வேகமும் சூடாகவே போய்விடும், ஒன்றும் திரும்பாது. என் துக்கமும் அப்படித்தான், சர்க்கரையாகவும் பிரஷராகவும் பக்கத்து வீட்டாரோடு சண்டையாகவும் போயிற்று. இவள் கொஞ்ச நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், பிறகு பழைய டிப்ளமா புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினாள், தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் ஃபேன் நின்றாலும் ஸ்க்ரூடிரைவரோடு போய் நின்றாள். அந்த அழுகை எப்படி இந்தக் கைகளுக்கு வந்து சேர்ந்தது? என் வயிற்றில் பிறக்கவில்லை, ஆனாலும் இவளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. "போனது முழுசா திரும்பி வருமாம்மா?" என்று கேட்டேன், வண்டியைத்தான் கேட்டேன். "முழுசா வராது அத்தை. கொஞ்சம் சூடா பூடும், கொஞ்சம் சத்தமா பூடும். வர்ற வரைக்கும் லாபம்."

கடைசி மேடு. இதைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டுவரை இறக்கம்தான், தாண்டவேண்டுமே... ஐந்து, நான்கு, மூன்று, விளக்கு மங்குகிறது, வண்டி நடக்கிறது, பால்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போகிறார். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஒரு பாவமும் செய்யவேண்டாம், எண்பது கிலோவும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், வேன் போய்விடும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, சாயந்திரம் இரண்டு பேரும் டீ குடிப்போம், நாளைக்கும், அதற்கு மறுநாளும்... "நிறுத்து" என்றேன். என் வாய்தானா அது? "வேணாம் அத்தை, பூடலாம்." "ஏறாதுமா, நிறுத்து." "வேணாம், முட்டி வலிக்கும் உங்களுக்கு, உக்காருங்க." ஓடுகிற வண்டியிலிருந்து காலை ஊன்றி இறங்கியேவிட்டேன், அந்த வேகத்தில் குழந்தைகூட இறங்கும். "திரும்பிப் பாக்காத, வேன் பூடும், போ!" என் எடை போனதும் வண்டி ஒரு துள்ளு துள்ளியது, அவள் மேலே போனாள், உச்சியில் ஒரு தடவை கையைத் தூக்கினாள், அந்தப் பக்கம் இறங்கி மறைந்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்துவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. நான் ரோட்டோரம் நின்று மூச்சு வாங்குகிறேன், முகமெல்லாம் சூடு, காலையில் தின்ற இரண்டு இட்லியும் வியர்வையாக இறங்குகிறது, ஜெயித்தவள்போலச் சிரிக்கவும் செய்கிறேன்... ஆனால் ஒன்று இடிக்கிறது. இரண்டு பேரோடு இந்த மேடு ஏறாது என்று எனக்கே தெரிந்தது. ஒரு ஃபேன் எவ்வளவு கரென்ட் இழுக்கும் என்று அதன் சத்தத்தை வைத்தே சொல்கிறவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒன்பது பர்சென்டைப் பார்த்ததுமே கணக்குப் போட்டிருப்பாளே. அப்படியிருந்தும் இறங்குங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானே சொன்னபோதும் வேணாம் என்றாள், இரண்டு தடவை. என் முட்டிக்காகத்தான் சொன்னாளா, இல்லை... அவளும் அந்த வேன் போய்விடட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாளா?