முனகும் தரை

மனைவி போக ஆசைப்பட்ட அந்த வெளிநாட்டை நினைத்தாலே பாய்லர்காரருக்குப் பயம். ஊர் உலகமெல்லாம் ஆசைப்பட்டுப் போகிற தேசமாம். பனிமலை உண்டு, பச்சை நிறத்தில் ஏரி உண்டு, எல்லாம் சரி. ஆனால் அங்கே தரையைப் பிய்த்துக்கொண்டு மூன்று மாடி உயரத்துக்கு வெந்நீர் பீறிடுமாம். கொதிக்கிற தண்ணீரைக் கடல் தாண்டிப் போய்ப் பார்ப்பானேன்? அதைத்தான் அவர் தினமும் பார்க்கிறாரே.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் பாய்லரைக் கவனிப்பது அவர் வேலை. அங்கே ஒரு வழக்கம். பாய்லர் அடிக்குரலில் முனக ஆரம்பித்தால் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது, யாருக்காகவும் நிற்கக் கூடாது. அவரவர் கதவைப் பார்த்து ஓட வேண்டியதுதான். தலை எண்ணுவதெல்லாம் வெளியே போன பிறகு. ஒருமுறை அப்படி எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. இன்னொருவனைக் கூப்பிடத் திரும்பிய கூட்டாளி அவன். அன்றிலிருந்து வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் இவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். வருஷா வருஷம் அந்த வெந்நீர் ஊற்றின் படத்தை மாட்டிப் பாடம் நடத்துகிறவள். நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் பேச்செடுத்தாலே, "எனக்கென்ன, உனக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று வாயை அடைத்துவிடுவார். தன்மேல் இவ்வளவு உயிரா என்று அவளும் இளகிப்போவாள். இந்த வருஷம் இளகவில்லை. இரண்டு டிக்கெட்டை மேஜைமேல் வைத்து, வந்தால் வாருங்கள், இல்லையென்றால் நான் மட்டும் போகிறேன் என்றுவிட்டாள். மனிதர் வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கினார்.

அங்கே போனால், அவர் பயந்ததற்கு மேலேயே இருந்தது. வெளுத்துப்போன மண்ணில் அங்கங்கே புகை. நடப்பதற்குப் பலகைப் பாதை, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றால் ஒரு ஆபத்தும் இல்லை என்று வழிகாட்டிப் பெண் சொன்னதை டீச்சர் நம்பினாள். அவர் நம்பவில்லை. மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதை எங்கே முடிகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது. அடிக்குரல் முனகல். அவருக்கு நன்றாகத் தெரிந்த முனகல்.

அவர் ஓடினார். யார்மேலோ இடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பலகை தடதடக்க ஓடினார். பின்னால் ஓவென்று ஒரு இரைச்சல். பாதை முடிந்து கெட்டித் தரையில் கால் பட்டதும் நின்று, பழக்க தோஷத்தில் தலை எண்ணத் திரும்பினார். அவரைத் தவிர ஒருவரும் இல்லை. தன் கையைப் பார்த்தார். அது வெறுங்கையாக இருந்தது.

எதிரே ஒரே வெள்ளை ஆவி. அதற்குள் அவள் இருக்கிறாள். கம்பியைத் தடவித் தடவி ஆவிக்குள் திரும்பி நடந்தார். இத்தனை வருஷத்தில் ஆவியை நோக்கி அவர் நடந்தது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். டீச்சரின் முகமெல்லாம் ஈரம். அண்ணாந்தபடியே இருந்தாள். அவர் வந்து நின்றதை உணர்ந்தும் திரும்பவில்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. இத்தன வருஷமா நீங்க எனக்காகத்தான் பயப்படுறீங்கன்னு நெனச்சுட்டேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். சலவைக்கூடத்து வழக்கத்தைச் சொல்ல வாயெடுத்தார். சொல்ல வெட்கமாக இருந்தது. மெதுவாக அவள் கையைத் தேடினார். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"இன்னொரு தடவ வருமாம். நான் பாத்துட்டுத்தான் வருவேன். நீங்க வேணும்னா பஸ்ஸுல போய் உக்காருங்க."

அவர் போகவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கையும் இல்லாமல் அவள் பக்கத்தில் நின்றார். தரை மறுபடி முனகத் தொடங்கியது. பாதை முடிகிற பக்கம் திரும்பிய காலை இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றார், அவள் கேட்காமலே.